சனிக்கிழமை மேசையை ஏன் எடுத்தீர்கள்?

கோயில் நிர்வாகக் குழுவினருக்கு,

செருப்பு அலமாரிக்கு மேலே உள்ள பலகையில் போன செவ்வாய்க்கிழமை நீங்கள் ஒட்டிய தாளை நின்று நிதானமாகப் படித்தேன். வரும் ஜூலை முதல் பக்க அறையில், சனிக்கிழமைகளில் நாங்கள் காசு வாங்காமல் நடத்திய வருமானவரி உதவி மேசை கிடையாது. வேண்டியவர்கள் அதே அறையில் உட்காரப்போகும் வரி ஆலோசகரைக் கட்டணம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். மூன்றே வரி, கீழே முத்திரை. 2021-லிருந்து ஐந்து ஆண்டுகள் அந்த மேசையில் உட்கார்ந்த மூன்று பேரில் ஒருவரையாவது கூப்பிட்டு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாதது மரியாதைக் குறைவு, அது போகட்டும். முடிவே தவறு. அதனால்தான் இந்த மடல்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலப் படி ஒன்றை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்த முடிவால் அடிபடப் போகிறவர்களில் பாதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். அர்ச்சகர்கள், சமையல்காரர்கள், நகைப்பட்டறையில் இருப்பவர்கள். அவர்களுக்கும் விஷயம் தெரிய வேண்டும். மீதிப் பாதி இங்கேயே, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த ஆயாக்களும் தாத்தாக்களும். அவர்களுக்கு என் ஞாயிற்றுக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் படித்துக் காட்டுவார்கள். இந்த வாரம் பாடப்புத்தகத்துக்கு விடுமுறை, இதுதான் பாடம்.

நான் யார் என்று உங்களில் புதிதாக வந்த இருவருக்குத் தெரியாமல் இருக்கலாம். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி டர்பனுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. உடைத் தொழிற்சாலை ஒன்றில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். என் கூட உட்கார்ந்தவர்கள் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெண் ஒருத்தி. பழைய லேப்டாப் ஒன்று, என் போனிலிருந்து இணையம், கோயில் அடுப்படியிலிருந்து ரசம் கொதிக்கும் வாசனை. 2023-ல் லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டு உயிரை வாங்கியபோது மின்சாரம் இருக்கும் இரண்டு மணி நேரத்தைப் பார்த்து ஆட்களை வரச் சொன்னோம். இவ்வளவுதான் எங்கள் முதலீடு.

மேசைக்கு ஒரே ஒரு விதி வைத்திருந்தோம். மௌஸை நாங்கள் தொடமாட்டோம்.

வருகிறவர்தான் உட்கார வேண்டும், அவர்தான் தட்ட வேண்டும். நாங்கள் பக்கத்து நாற்காலி. எவ்வளவு நேரமானாலும் சரி. கணக்கு வாத்தியார் போட்ட விதி இது. முதல் வருஷம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நான் செய்தால் பத்து நிமிஷத்தில் முடியும் வேலைக்கு ஒன்றரை மணி நேரம். ஆனால் இரண்டாம் வருஷம் அதே ஆள் திரும்பி வந்து, "நீ சும்மா இரு, நான் பண்றேன்" என்றபோது விதியின் அருமை புரிந்தது. முப்பது வருஷம் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு தாத்தா இப்போது தன் தெருவில் நான்கு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். மேசையால் என்ன பிரயோஜனம் என்று உங்களில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பாருங்கள்.

தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸின் இ-ஃபைலிங் தளத்தில் தன் கணக்கைத் தானே தாக்கல் செய்யக் காசு கிடையாது. போனில் செயலி உண்டு, அதற்கும் காசு கிடையாது. இது உங்களுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். இலவசமாக இருப்பதை எங்கள் அறையில் வைத்து விற்கப் போகிறீர்கள் என்பதுதான் என் முதல் வருத்தம்.

"இப்போதுதான் ஆட்டோ அசெஸ்மென்ட் வந்துவிட்டதே, இனி மேசை எதற்கு?" என்று பொருளாளர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். நியாயமான கேள்வி. 2020-லிருந்து சார்ஸ் தானே கணக்குப் போட்டு அனுப்புகிறது. முதலாளி, வங்கி, மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்புத் திட்டம், ஓய்வூதிய நிதி எல்லோரும் கொடுத்த விவரத்தை வைத்து ஒரு மதிப்பீடு தயாரித்து, ஒரு குறுஞ்செய்தி. போன ஆண்டு, 2025-ல், ஜூலை 7-லிருந்து 20 வரை அந்தச் செய்திகள் வந்தன. கணக்கு சரியென்றால் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா இருக்கலாம். சரியில்லை என்றால்? அங்கேதான் மேசை.

போன ஆவணியில் வந்த ஒரு ஆயாவைப் பற்றிச் சொல்கிறேன். 71 வயது. கணவருடைய ஓய்வூதியமும் தன்னுடையதுமாக ஆண்டுக்கு 2,52,000 ராண்ட். மெடிக்கல் எய்டுக்கு மாதம் 3,200 கட்டுகிறார். ஆட்டோ அசெஸ்மென்ட்டில் ஏதோ சில்லறை வரவு என்று வந்திருந்தது. "பேசாம விட்டுடலாமாடி?" என்று கேட்கத்தான் வந்தார். நான் பதில் சொன்னதெல்லாம் அவர் காதில் விழவில்லை, அப்புறம்தான் கவனித்தேன், புதுக் காது கருவியை அவசரத்தில் வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். அது எவ்வளவு என்று சைகையில் கேட்டேன். 18,600 ராண்ட். மெடிக்கல் எய்ட் கொடுத்ததா? இல்லை, அதில் அந்த வருஷத்துக்கான பணம் தீர்ந்துவிட்டது, கையிலிருந்து கொடுத்தேன், அவர்களிடம் கேட்கவே இல்லை என்றார்.

மெடிக்கல் எய்ட் வழியாகப் போகாத செலவு சார்ஸுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் 65 வயது ஆனவர்களுக்கு, மருத்துவர் எழுதிக்கொடுத்து வாங்கிய இப்படிப்பட்ட செலவில் 33.3 சதவீதம் வரியிலிருந்து கழியும். 18,600-ல் அது 6,193 ராண்ட் 80 சென்ட். ஆயா அந்த ஆண்டு அதைவிடக் கூடுதலாக வரி கட்டியிருந்தார், அதனால் முழுத் தொகையும் திரும்ப வரும். வீட்டுக்குப் போய் ரசீதும் மருத்துவர் சீட்டும் கொண்டுவரச் சொன்னேன். ரசீது இருந்தது. சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் இருந்ததாம்.

அவரே ரிட்டர்னை, அதாவது வரிக் கணக்குப் படிவத்தை, திறந்தார். முதல் பக்கத்துக் கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று தட்டினார். மருத்துவச் செலவுக் கட்டத்தில் 18600 என்று ஒவ்வோர் எண்ணாக, ஒரு விரலால், தட்டியதற்கெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு. அனுப்புவதற்கு முன் கணக்குப் பார்க்கும் பொத்தானை அழுத்தினால் திரையில் தொகைக்கு முன்னால் கழித்தல் குறி. ஆயா முகம் வாடிவிட்டது. "இவ்ளோ கட்டணுமா?" இல்லை ஆயா, கழித்தல் என்றால் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டியது. இந்தக் கழித்தல் குறியைப் பார்த்துப் பயந்தவர்கள் எங்கள் மேசையில் குறைந்தது இருபது பேர் இருப்பார்கள். எதிர்மறையைப் போட்டு நல்ல செய்தி சொல்லும் வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை.

உடனே பணம் வந்துவிடவில்லை. ஆதாரம் கேட்டு கடிதம் வந்தது. இப்படி வந்தால் 21 வேலை நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும். ரசீதையும் சீட்டையும் படம் எடுத்து ஏற்றினோம். ஐந்து வாரம் கழித்துப் பணம் வங்கிக்கு வந்தது. அடுத்த சனிக்கிழமை ஒரு டப்பா முறுக்கோடு வந்தார், காதில் கருவியோடு.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்த ஆலோசகர் ரீஃபண்டில் 20 சதவீதம் வாங்குகிறார் என்று அவரே சொன்னார். ஆயாவிடமிருந்து 1,238 ராண்ட் போயிருக்கும். நீங்கள் அந்த அறைக்கு மாதம் 3,000 என்று ஜூலையிலிருந்து அக்டோபர் வரை 12,000 ராண்ட் வாடகை பேசியிருக்கிறீர்கள், கோபுரத்துக் கசிவை அடைக்க. கசிவு எனக்கும் தெரியும், மழை பெய்தால் என் வகுப்புப் பலகை மேலேதான் சொட்டுகிறது. ஆனால் அந்த 12,000 எங்கிருந்து வருகிறது? இந்த ஆயாவைப் போலப் பத்துப் பேர் வந்தால் அவர் கொடுக்கும் வாடகை அவர்கள் பையிலிருந்து எடுத்ததாகிவிடும், பதினோராவது ஆயாவிலிருந்து அவருக்கு லாபம். ஆயாக்களிடம் நேரடியாக உண்டியல் நீட்டியிருந்தால் மனதார ஐம்பது ராண்ட் போட்டிருப்பார்கள், கோயிலுக்கு என்ற திருப்தியாவது இருந்திருக்கும்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். "தகுதியில்லாதவர்கள் வரி வேலை பார்ப்பது சட்டப்படி சிக்கல், கோயிலுக்குக் கெட்ட பெயர் வரும்" என்று ஒரு காரணம் சொல்லப்பட்டதாம். வரி நிர்வாகச் சட்டத்தின் 240-ஆவது பிரிவைத் தயவுசெய்து யாராவது படியுங்கள். அடுத்தவருக்கு வரி ஆலோசனை சொல்கிறவரும் ரிட்டர்ன் நிரப்ப உதவுகிறவரும் சார்ஸிலும் அங்கீகாரம் பெற்ற ஒரு தொழில் அமைப்பிலும் பதிவு செய்திருக்க வேண்டும். அதே பிரிவு, எந்தக் கைம்மாறும் வாங்காமல் உதவுகிறவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை என்றும் சொல்கிறது. நாங்கள் ஐந்து வருஷத்தில் வாங்கியது முறுக்கும், ஒரு தடவை ஒரு கட்டு கறிவேப்பிலையும். சட்டம் எங்களை விட்டுவிடுகிறது. காசு வாங்குகிறவரைத்தான் பிடிக்கும். பதிவில்லாமல் அதைச் செய்வது குற்றம்.

ஆக, நான் கேட்க வேண்டிய கேள்வியை நீங்கள் அவரிடம் கேட்டிருக்க வேண்டும்: ஐயா, உங்கள் பதிவு எண் என்ன? ஒருவர் பதிவு பெற்ற வரி ஆலோசகரா என்று சார்ஸ் தளத்திலேயே சரிபார்க்கலாம். அறையைப் பார்க்க அவர் வந்த அன்று நான் கேட்டேன். "அதெல்லாம் ஆபீஸில் இருக்கு" என்றார். பெயர்ப் பலகைக்கு அளவெடுத்துக்கொண்டு போனவர் எண்ணைச் சொல்லாமல் போய்விட்டார்.

அதே நாளில் அவர் இன்னொன்றும் சொன்னார், வாசலில் நின்ற இரண்டு பேரிடம். கோயிலுக்குக் கொடுத்த நன்கொடை ரசீது எல்லாம் கொண்டுவாருங்கள், அதையும் கழித்துப் பெரிய ரீஃபண்டாக வாங்கித்தருகிறேன் என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காவடிக்குக் கொடுத்தது, கூழ் பூஜைக்குக் கொடுத்தது, கும்பாபிஷேகத்துக்குக் கொடுத்தது எதுவும் வரியில் கழியாது. வருமானவரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின் கீழ் ஒப்புதல் பெற்ற அமைப்பு, அந்தப் பிரிவின் பெயர் சொல்லிக் கொடுக்கும் ரசீதுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. வழிபாட்டுக்கு என்று கொடுப்பது அதில் சேராது. நம் கோயில் ரசீதில் அப்படி எதுவும் அச்சடிக்கவில்லை என்று உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். யாராவது அவர் பேச்சைக் கேட்டு அதைப் போட்டு, சார்ஸ் ஆதாரம் கேட்டால், 20 சதவீதம் வாங்கியவர் வந்து நிற்கமாட்டார். ரிட்டர்ன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் நிற்க வேண்டும். வேண்டுமென்றே குறைத்துக் காட்டியதாகத் தீர்மானித்தால் மோசமான நிலையில் அபராதம், குறைந்த வரியைப் போல 200 சதவீதம் வரை போகும். ஒரு ஆயாவின் ஓய்வூதியத்தில் இதைக் கற்பனை செய்துபாருங்கள்.

அப்புறம் ஓடிபி. என் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான்.

போன புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. விரதச் சாப்பாட்டுக்குக் கூட்டம், எங்கள் அறை வாசலிலும் வரிசை. ஒரு தாத்தா, 74 வயது, ஐஆர்பி ஃபைவ் என்ற வரிப்பிடித்தச் சான்றிதழை விபூதிப் பொட்டலத்தோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொண்டுவந்தார். பாஸ்வேர்ட் மறந்துபோச்சு. சரி, மாற்றிக்கொள்ளலாம் என்று தட்டினால் ஓடிபி வேறு ஏதோ எண்ணுக்குப் போகிறது. திரையில் கடைசி எண்கள் மட்டும் தெரிந்தன. தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, பார்த்து, "இது நம்ம பேரன் நம்பர்" என்றார். பேரன் ஜோஹன்னஸ்பர்க்கில். போன் போட்டால் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான். ஓரமாக நிறுத்தி அவன் பார்ப்பதற்குள் எண் காலாவதி. மறுபடி கேட்டோம். இந்தத் தடவை அவன் சொன்னான், தாத்தா எனக்குச் சொன்னார், ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் எங்கோ போய்விட்டது. மூன்றாவது தடவை போனை ஸ்பீக்கரில் போட்டு, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பேரன் சொல்லச் சொல்லத் தாத்தா தட்டி, உள்ளே போய்விட்டார். வாசலில் யாரோ "அரோகரா" என்றார்கள்.

உள்ளே போனதும் முதல் வேலையாக எண்ணைத் தாத்தாவின் சொந்த எண்ணுக்கு மாற்றினோம். அதற்கே அன்று சரியாகிவிட்டது, ரிட்டர்ன் அடுத்த வாரம்தான். உங்கள் ஆலோசகர் இருந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடித்திருப்பார் என்பீர்கள். முடித்திருப்பார். எப்படி? தன் எண்ணைப் போட்டு. எங்கள் மேசைக்கு 2022-ல் வந்த ஒரு அக்கா அப்படித்தான் மாட்டிக்கொண்டார். வேறு எங்கோ ஒரு ஆளிடம் காசு கொடுத்துத் தாக்கல் செய்திருக்கிறார். வேலை சுலபமாக இருக்கட்டும் என்று அந்த ஆள் போன் எண்ணையும் மின்னஞ்சலையும் தன்னுடையதாக மாற்றியிருக்கிறார், கடைசியில் வங்கிக் கணக்கையும். இரண்டு வருஷ ரீஃபண்ட் அக்காவுக்கு வரவே இல்லை. தன் கணக்குக்குள் நுழையவே முடியாமல், நேரம் பதிவு செய்து கிளைக்குப் போய், அடையாள அட்டையைக் காட்டி நிரூபித்து மீட்க ஏழு மாதம். இப்படி இ-ஃபைலிங் கணக்குகள் கடத்தப்படுவது வரிக் குறைதீர்ப்பாளர் அலுவலகமே தனியாக விசாரணைக்கு எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் போயிருக்கிறது. ஓடிபி வரும் போன் யார் கையில் இருக்கிறதோ, வீட்டுச் சாவி அவர் கையில். நம் வாசலிலேயே பெயர்ப் பலகை மாட்டி, நூற்றுக்கணக்கான சாவிகளை ஒருவர் இடுப்பில் கோத்துக்கொள்ள வழிவிடாதீர்கள்.

எங்கள் மேல் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. 2024-ல் ஒருவருடைய மதிப்பீட்டுத் தாள் அச்சு இயந்திரத்திலேயே கிடந்து, மறுநாள் பஜனைக்கு வந்தவர்கள் கையில் சிக்கியது. அவருடைய சம்பளம் ஊருக்கே தெரிந்துபோனது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கும் நாட்டில் அது சின்னத் தவறு இல்லை. அவர் வீட்டுக்குப் போய் மூவரும் மன்னிப்புக் கேட்டோம். அதிலிருந்து எதையும் அச்சடிப்பதை நிறுத்திவிட்டோம். அந்தச் சம்பவத்தைக் காட்டி மேசையை மூடுகிறீர்கள் என்றால், அதைவிட நூறு மடங்கு தகவலைக் கையில் எடுக்கப் போகிறவரிடம் என்ன உத்தரவாதம் வாங்கினீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இது உங்களுக்குக் கசக்கும்.

நம் கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கும் அண்ணன் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். வேலை அனுமதியில் இருக்கிறார். அவருடைய முதலாளி நீங்கள். மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிக்கிறீர்கள், சரி. பிடித்த வரிக்கான ஆண்டுக் கணக்கை மே 31-க்குள் சார்ஸிடம் கொடுத்து, அவருக்கு ஐஆர்பி ஃபைவ் கொடுத்திருக்க வேண்டும். போன ஆண்டு ஜூன் முழுக்கக் கேட்டார், ஆடி முழுக்கக் கேட்டார். "ஆகட்டும் பார்க்கலாம்" என்ற பதில்தான். செப்டம்பர் மூன்றாம் வாரம் கையில் வந்தது. அதற்குள் அவர் பாஸ்போர்ட்டும் புதுப்பித்தாகிவிட்டது, எண் மாறிவிட்டது, உங்கள் சான்றிதழில் பழைய எண். அதைச் சரிசெய்ய அவர் கிளைக்கு நேரம் பதிவு செய்து அலைந்தார். தாக்கல் செய்ய அக்டோபர் 20-தான் கடைசி நாளாக இருந்தது. போன ஆண்டு அன்றைக்குத்தான் தீபாவளியும். கங்கா ஸ்நானம் முடித்த தலை ஈரத்தோடு, காலைப் பூஜைக்கு வாசித்துவிட்டு, பக்க அறைக்கு வந்து உட்கார்ந்து தாக்கல் செய்தார். மற்றவர்கள் பலகாரத் தட்டோடு போய்க்கொண்டிருந்தார்கள். நான் பட்டுப்புடவையில் அந்த லேப்டாப் முன்னால்.

ஒரே ஒரு முதலாளி, ஆண்டுக்கு 5,00,000 ராண்டுக்குள் சம்பளம், வேறு வருமானமோ கழிவோ இல்லை என்றால் பொதுவாக ரிட்டர்ன் தேவையில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அவர் வெளியே கல்யாணங்களுக்கு வாசித்துத் தனியாகவும் சம்பாதிக்கிறார். அதை மறைக்காமல் காட்ட வேண்டும் என்று அவரே நினைக்கிறார். அப்படி நினைக்கிற மனிதரைக் கடைசி நாள் வரை காக்க வைத்தீர்கள். நாள் தவறினால் சும்மா விடமாட்டார்கள். வருமானத்தைப் பொறுத்து மாதத்துக்கு 250 ராண்டிலிருந்து 16,000 வரை அபராதம், 35 மாதம் வரை ஏறிக்கொண்டே போகலாம்.

ஒவ்வொரு நவம்பர் 16-ஆம் தேதியும் இந்திய ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பலான ட்ரூரோ 1860-ல் டர்பனில் கரை சேர்ந்ததை நினைத்து விளக்கேற்றுகிறீர்கள். மண்டபத்தில் தில்லையாடி வள்ளியம்மை படம் மாட்டியிருக்கிறது. அந்தப் பெண் எந்தப் போராட்டத்தில் சிறை போனாள் என்று என் வகுப்பில் கேட்டால் எட்டு வயதுப் பிள்ளை சொல்லும். ஒப்பந்தம் முடிந்த கூலிகள் மேல் 1895 சட்டம் போட்ட மூன்று பவுண்ட் வரி, அதாவது 60 ஷில்லிங். மாதம் 10 ஷில்லிங்கில் தொடங்கியவர்களுக்கு அது அரை வருஷச் சம்பளம். 1913-ல் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலையை நிறுத்தி, 1914-ல் அதை எடுக்க வைத்தார்கள். இன்றைய வரி அந்த வரி இல்லை, இதை நாம் கட்டத்தான் வேண்டும். ஆனாலும் வரி அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தால் நம் ஆயாக்கள் படிக்காமலே மடித்துத் தலையணைக்குக் கீழே வைக்கிறார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. அதைப் போக்க ஐந்து வருஷம் ஒரு மேசை தேவைப்பட்டது. பயத்தை மறுபடி கிளப்பி அதில் 20 சதவீதம் எடுக்கிற ஏற்பாட்டுக்கு நம் கோயில் இடம் கொடுக்கக் கூடாது.

கேட்பது இதுதான். ஆடி பிறப்பதற்குள், அதாவது தாக்கல் தொடங்கும் ஜூலையிலேயே, சனிக்கிழமைகளில் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை பக்க அறையை மேசைக்குத் திருப்பித் தாருங்கள். முழு நாளும் கேட்கவில்லை, மூன்று மணி நேரம். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து இன்னும் ஆகவில்லை என்றால் அதை நிறுத்துங்கள். ஆகிவிட்டது என்றால், அந்த ஆலோசகரின் பதிவு எண்ணை எழுத்தில் வாங்கி, நீங்களே சரிபார்த்து, அறை வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். ரீஃபண்டில் பங்கு என்ற பேச்சே கூடாது, வேலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டிச் சொன்ன கட்டணம் மட்டும். யாருடைய பாஸ்வேர்டையும் அவர் வாங்கக் கூடாது, போன் எண்ணையோ வங்கிக் கணக்கையோ மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். இதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால் உங்களுக்கே விடை தெரிந்துவிடும்.

கோயிலில் சம்பளம் வாங்கும் ஏழு பேருக்கும் ஐஆர்பி ஃபைவ் மே மாதம் முடிவதற்குள் கையில் இருக்க வேண்டும், சரியான பாஸ்போர்ட் எண்ணோடு. கணக்குப் பார்க்க ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், என் வேலையே அது, இரண்டு சாயங்காலம் வந்து செய்துகொடுக்கிறேன். காசு வேண்டாம்.

நன்கொடை ரசீதின் அடியில், இது வரிக் கழிவுக்கு உரியதல்ல என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு வரி அச்சடியுங்கள். அடுத்த கட்டு ரசீது அச்சுக்குப் போகும்போது செய்தால் கூடுதல் செலவில்லை.

எங்களுக்குப் பூட்டு உள்ள ஒரு அலமாரி வேண்டும். 2024-ல் நடந்தது மறுபடி நடக்கக் கூடாது. கோபுரக் கசிவுக்கு 12,000 ராண்ட் திரட்டும் பொறுப்பை மேசைக்காரர்கள் மூவரும் எடுத்துக்கொள்கிறோம். முறுக்கு கொடுத்த ஆயா ஏற்கெனவே ஒரு தொகை சொல்லியிருக்கிறார்.

இந்த விஷயத்தை அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி உறுப்பினர் என்ற முறையில் கேட்கிறேன். அதற்கு முன்பே பதில் சொல்ல முடியும் என்றால், செருப்பு அலமாரிக்கு மேலே அதே இடத்தில் ஒட்டுங்கள். பழைய தாளை எடுத்துவிட்டு.

சனிக்கிழமை மேசையிலிருந்து,
ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியை